திரும்பி வராத மூட்டைகள்

சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய நாற்பது மைல். பஸ்ஸில் போனால் நாசரேத்தில் ஒரு காபி, திருவைகுண்டத்தில் ஒரு காபி என்று சுகமாகப் போய்ச் சேரலாம். நான் போனது லாரியில். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பச்சை லாரி அது. டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை கூரையைத் தொட்டுவிட்டு இறங்கியது. பின்னால் நிலாவாரை மூட்டைகளின் மேல் என் அண்ணன் ஞானமுத்து புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தான்.

நான் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் ஊருக்கு வருவேன். நாட்டுக்கு விடுதலை கிடைத்த பிறகு வந்த முதல் மாசி மாதம் இது. லீவு முடிந்து தூத்துக்குடியில் ரயில் ஏற வேண்டிய அன்றைக்கே அண்ணனுக்கும் அங்கே வேலை இருந்தது. "ஏளா ரூத்து, பஸ்ஸுக்கு எதுக்குத் தெண்டம்? லாரியில வந்துரு" என்றான். மிச்சம் பிடிப்பதில் எங்கள் குடும்பம் பேர்போனது.

நிலாவாரையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் கொஞ்சம் மழை பெய்தால் போதும், வளர்ந்துவிடும். இலையைக் கையால் உருவி, நிழலில் மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். வெயில் பட்டால் நிறம் போய்விடும். காய்ந்த இலை கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. அங்குள்ளவர்களின் வயிற்றை இளக்குவதுதான் அதன் உத்தியோகம். "லண்டன்ல மலச்சிக்கல் இருக்குத வரைக்கும் நமக்குக் கஞ்சி உண்டு" என்பான் அண்ணன். வைத்தியப்படி அவன் சொல்வதில் பிழை கிடையாது.

வழக்கமாக இந்த இலையை வாங்க ஊருக்கே ஒரு தரகர் வருவார். அவர் விலையை வாயால் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் நம் விரலைப் பிடித்து அமுக்குவார். இரண்டு விரலைப் பிடித்தால் ஒரு விலை, மூன்றைப் பிடித்தால் இன்னொன்று. எதிர்வீட்டுக்காரனுக்கு எத்தனை விரல் கிடைத்தது என்று நமக்குத் தெரியாது. கூச்சம் நிறைந்த கல்யாணப் பெண்ணுக்கும் நம் தரகருக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை. இந்த வருஷம் எங்கள் தெருவில் எட்டு வீட்டார் கூடிப் பேசி, தரகர் வேண்டாம், துறைமுகத்துக் கம்பெனிக்கே நேராகக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். கொண்டுபோகிற பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. தரகர் கோபப்படவில்லை. "தாராளமாப் போங்க. அங்கன வெல படியலன்னா எங்கிட்டத்தான் வரணும். அப்ப இந்த வெல இருக்காது" என்று மட்டும் சொன்னாராம். ஆக, இலைக்கு முதல் தரம் கிடைத்தால் எட்டு வீடும் தரகரிடமிருந்து விடுபடும். கிடைக்காவிட்டால் பாதி விலைக்கு அவர் காலிலேயே விழ வேண்டும். அண்ணன் வழியெல்லாம் பைபிள் சங்கீதம் பாடிக்கொண்டு வந்தான். பயந்தால் அவன் பாடுவான்.

காலை எட்டு மணி வாக்கில் திருவைகுண்டம் பாலத்தைத் தாண்டினோம். தாமிரபரணியில் தண்ணீர் தளும்பிற்று. இரு கரையிலும் வாழை. அந்தப் பச்சை போதும் என்று யாரோ கோடு கிழித்த மாதிரி சட்டென்று நின்று, அப்புறம் பனையும் சிவப்பு மண்ணும்தான். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரான புதுக்கோட்டையில் திருநெல்வேலி ரோட்டில் ஏறுமுன் டிரைவர் லாரியை நிறுத்தினார். காபி ஓர் அணா. சர்க்கரை ரேஷனில் இருந்ததால் கருப்பட்டிக் காபிதான் கிடைத்தது. எனக்கு அதுதான் பிடிக்கும். புதுக்கோட்டையை விட்டுச் சில மைல் போனதும் காற்றில் உப்பு வந்துவிட்டது. சென்னையிலும் கடல் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றில் எனக்கு ஊர் ஞாபகம் வருவதில்லை.

தூத்துக்குடியைத் துறைமுகம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் கப்பலைத் தேடி ஏமாந்து போவார்கள். கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் பல மைலுக்கு அப்பால், வானம் இறங்குகிற இடத்தில், ஒரு பொட்டு மாதிரி நிற்கும். பஞ்சும் இலையும் உப்பும் தோணியில் ஏறிப் பாய்விரித்து அதுவரை போக வேண்டும். கடற்கரைச் சாலை நெடுகச் சரக்குக் கிட்டங்கிகள். சாலையில் வண்டி மாடும், தலையில் மூட்டையோடு ஓடுகிற ஆட்களும், மாதா கோயில் மணியும், கருவாட்டு வாசனையும் ஒன்றுக்கொன்று இடம் விடாமல் நிறைந்திருந்தன. எனக்கு இந்த ஊர் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு மோகம். இங்கே யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.

கம்பெனிக் கிட்டங்கி வாசலில் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு லாரி போய்விட்டது. தரம் பார்க்கிறவர் வந்தார். பெயர் பெரைரா. இந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர்தான். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், வாயில் பற்றவைக்காத சுருட்டு. மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்து, கையை மணிக்கட்டு வரை விட்டு ஒரு பிடி இலை எடுத்தார். பார்த்தார். அடுத்த மூட்டைக்குப் போனார். அடுத்ததற்கும் போனார். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எல்லாம் ரெண்டாந்தரம், அண்ணாச்சி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த இலை காய்வதைப் பதினைந்து நாள் என் கண்ணால் பார்த்தவள் நான். எட்டிப் பார்த்தேன். அவர் கையில் இருந்தது உடைசலும் காம்பும் பழுப்பும். அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. திருடும்போது பிடிபட்டவன் முகம் மாதிரி இருந்தது.

"என்னண்ணே இது?"

"உங்க மதினி செய்த வேலை" என்றான் மெதுவாக. "அவ மட்டுமில்ல. எட்டு வீட்டுப் பொம்பளையளும்தான்."

விஷயம் இதுதான். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். கண்ணேறு என்று ஒன்று கிடையாது என்று உபதேசியார் வருஷத்துக்கு இரண்டு பிரசங்கமாவது செய்வார். பெண்களும் ஆமென் சொல்வார்கள். ஆனாலும் இவ்வளவு லட்சணமான இலை நாற்பது மைல் ஊர்வழியே போகிறதே, யார் கண்ணாவது பட்டுவிட்டால்? குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிற மாதிரி, ஒவ்வொரு மூட்டை வாயிலும் இரண்டு கை குப்பை இலையைப் போட்டுத் தைத்துவிட்டார்கள். உபதேசியார் வீட்டம்மாள் மூட்டையில் மட்டும் மூன்று கை இருந்தது.

அண்ணன் இதைப் பெரைராவிடம் சொன்னான். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "ஏமாத்துதவன் எல்லாம் நல்லத மேல வப்பான், அண்ணாச்சி. கெட்டத மேல வச்சுக் கொண்டாந்த ஆள இன்னிக்குத்தான் பாக்கேன். மேலயே இந்த லெச்சணம்னா அடியில என்னத்த வச்சிருக்கீரோன்னுதான எனக்குத் தோணும்?"

"அடியில தங்கம் கெடக்கு. கொட்டிப் பாரும்."

"கொட்டுதது வழக்கமில்ல. வாயில ஒரு பிடி, அதுதான் ரூல்." பிறகு குரலைத் தணித்து, "நான் ஒண்ணாந்தரம்னு எழுதினாலும் அது கடேசி இல்ல, கேட்டீரா. சரக்கு லண்டன் போய்ச் சேரணும். அங்கன பாத்து அவங்க சொல்லுததுதான் தரம். ரெண்டாந்தரம்னு தந்தி வந்துட்டா, குடுத்த வெலயில நீரு கழிவு தரணும். இது எல்லாருக்கும் உள்ளதுதான். சாப்பிட்டுட்டு வாரேன். யோசிச்சு வையும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கழிவு என்ற சொல்லுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பொருள், கம்பெனியில் ஒரு பொருள். நிலாவாரை இரண்டுக்கும் உதவுகிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நிலைக்கவில்லை. இலையை வளர்த்தவன் இங்கே நிற்கிறான். அதை நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்கிறவன் ஏழு கடலுக்கு அப்பால், கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறான். தரகரின் துண்டாவது கைநீளம்தான் இருந்தது. இந்தத் துண்டு லண்டன் வரை நீளுகிறதே என்று எனக்கு வயிறெரிந்தது. கொடி மாறிவிட்டது. துண்டு மாறவில்லை.

பசித்த வயிற்றோடு யோசிக்கக் கூடாது. ஒரு பேக்கரியில் நாலணாவுக்கு மக்ரூன் வாங்கி, கடற்கரையில் ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். வாயில் வைத்ததும் கரைந்து போகிற அந்தப் பண்டத்தைக்கூட அண்ணன் சோற்றை மெல்லுகிற மாதிரி மென்றான். பொட்டலம் கட்டிய பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். எங்கோ தூரதேசத்தில் பல நாட்டார் கூடி, உலகத்து வியாபாரத்துக்கு விதிகள் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதுல நிலாவாரை பத்தி இருக்கா?"

"இல்ல."

"அங்கன யாரு பேசுதா?"

"எல்லாம் பெரிய பெரிய ஆட்கள், அண்ணே."

"துண்டு போட்டுப் பேசுதானுவளா, போடாமலா?"

அது பத்திரிகையில் போடவில்லை.

பகல் இரண்டு மணி இருக்கும். சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் கரைக்குத் திரும்பின. முத்துக் குளிப்பு நடந்து பல வருஷமாகிவிட்டது. இப்போது இந்தக் கரைக்குச் சங்குதான் பிழைப்பு. கண் சிவந்து, உடம்பெல்லாம் உப்புப் பூத்து இறங்கினவர்கள், சங்குகளைக் கூடையில் சுமந்துகொண்டு பக்கத்தில் இருந்த சர்க்கார் கொட்டகைக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம். அங்கே ஒரு பலகையில் வட்டமாகத் துளை. சர்க்கார் ஆள் ஒவ்வொரு சங்காக எடுத்துத் துளையில் வைத்தார். உள்ளே போகாமல் நின்றால் அது சர்க்காருக்கு, குளித்தவனுக்குக் கூலி. துளை வழியே விழுந்துவிட்டால் சின்னது, தள்ளுபடி. குளித்தவர்கள் எல்லாரும் பலகையை முறைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

மிக்கேல் என்ற ஒருவரின் சங்கு தொப்பென்று துளை வழியே விழுந்தது. அவர் அதை எடுத்து, "சவமே, இன்னும் ரெண்டு வருசம் பொறுக்கக் கூடாதா ஒனக்கு?" என்று திட்டிவிட்டுத் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

"அத என்ன செய்வீரு?" என்று அண்ணன் கேட்டான்.

"நாளைக்குப் போகையில கடல்ல விட்டுருவோம். உசிரோட இருக்கில்லா, வளரட்டும்."

"சர்க்கார் எடுத்துக்கிடாதோ?"

மிக்கேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "துட்டு குடுக்காம எப்படிவே எடுப்பான்? குடுக்குத துட்டே கொஞ்சந்தான், அதுக்கே நாங்க சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்கோம். வேண்டாம்னு சொல்லிட்டா வேண்டாம்தான். வேண்டாம்னும் சொல்லி, வீட்டுக்கும் கொண்டு போனாம்னா அதுக்குப் பேரு வேற."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிட்டங்கியைப் பார்த்து நடந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தோணிக்காரர்களிடம் கிழிந்த பாய் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி, கம்பெனி வாசலில் நடுரோட்டில் விரித்தான். "புடிளா" என்றான். நானும் பிடித்தேன். வீட்டுக்கு ஒரு மூட்டையாக எட்டு மூட்டையை அந்தப் பாயில் தலைகீழாகக் கொட்டினோம். குப்பை முதலில் விழுந்து அடியில் மறைந்தது. அதன்மேல் இலை சரிந்து சரிந்து விழுந்தது. மஞ்சள் கலந்த பச்சை, ஓர் உடைசல் இல்லை, ஒரு காம்பு இல்லை. தேயிலை போல ஒரு வாசனை கிளம்பிற்று. அதுவரை எட்டு வீட்டு உழைப்பு என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். குவியலாகப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டை சுமக்கிறவர்களும் வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

பெரைரா வெளியே வந்தார். முதலில் சத்தம் போட வாயெடுத்தார். பிறகு குவியலைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து முழங்கை வரை கையை விட்டு, நாலு பக்கமும் எடுத்து எடுத்துப் பார்த்தார். எழுந்தவர், "ஒண்ணாந்தரம்" என்றார். "தப்பு எம்மேலதான். ஒத்துக்கிடுதேன். ஆனா லண்டன் தந்தி விசயம் எங்கையில இல்ல."

"அது இருக்கட்டும்" என்றான் அண்ணன். "எனக்கும் ஒரு ரூல் இருக்கு. லண்டன்ல பாத்து ரெண்டாந்தரம்னு சொன்னாவன்னா, அந்த மூட்டைய எனக்குத் திருப்பி அனுப்பணும். கப்பல் கூலி நான் தாரேன். வேண்டாம்னு சொல்லுத இலைய அவுக எதுக்கு வச்சுக்கிடணும்? எங்கிட்டத் தந்துரட்டும். இத மட்டும் எழுதித் தாரும், நான் கையெழுத்துப் போடுதேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரைராவும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"எழுத முடியாதா? அப்ப நான் மூட்டையக் கட்டுதேன்."

கட்டி எங்கே கொண்டுபோவது? லாரி போய்விட்டது. கடல்காற்று ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ரோட்டில் கிடந்தால் இலை ஈரம் வாங்கிவிடும். ஊரில் தரகர் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார். அண்ணன் மெல்லிய குரலில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பாடத் தொடங்கிவிட்டான். அது காதில் விழுந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பெரைரா உள்ளே கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையிடம் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். துரை தரப்பில் சொன்னது இது: திருப்பி அனுப்புவது என்ற பேச்சே கிடையாது. அதற்குப் பதில் லண்டன் தீர்ப்பும் வேண்டாம். முதல் தர விலையில் ரூபாய்க்கு அரையணா மட்டும் குறைத்து, இங்கேயே பார்த்து இங்கேயே முடித்துக்கொள்வார்கள். பின்னால் கழிவு இல்லை, தந்தி இல்லை. ஆனால் இந்த ஒரு தடவைதான். அடுத்த பருவத்துக்குப் பழைய விதியேதான்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அரையணா போனால் போகிறது. எட்டு வீடும் தரகர் வாசலுக்குப் போக வேண்டாம். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் மை.

மூட்டைகள் உள்ளே போனதும் பெரைரா வாசலுக்கு வந்து சுருட்டைப் பற்றவைத்தார். அண்ணனுக்கு ஒரே குழப்பம். "துரை ஏன் ஒத்துக்கிட்டான்? ஒரு மூட்டையத் திருப்பி அனுப்புததுல என்ன கஷ்டம்?"

பெரைரா கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் இங்கன சேந்து ரொம்ப வருசமாச்சு. ரெண்டாந்தரம்னு எத்தனையோ தந்தி வந்திருக்கு. கழிவும் புடிச்சிருக்கு. ஆனா ஒரு மூட்டை திரும்பி வந்து நான் பாத்ததில்ல. திருப்பித் தான்னு யாரும் கேட்டதும் இல்ல. அனுப்பணும்னா அங்கன மூட்டை இருக்கணும்லா, சிஸ்டர்?"

நான் நர்ஸ் என்று அண்ணன் சொல்லியிருந்ததால் அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் பிழைப்பிலிருந்து அதற்குப் பதில் சொன்னேன். எத்தனையோ வருஷமாக நோயாளிகளுக்கு இந்த மருந்தைச் சீமைச் சீசாவிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறேன். சுத்தமான முதல் தர இலையில் செய்தது என்று அச்சடித்த சீசாக்களைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டாந்தர இலையில் செய்தது என்று ஒரு சீசாவிலும் கண்டதில்லை. பெரைரா சுருட்டுப் புகையை ஊதிவிட்டு, "நான் எதுவும் சொல்லல" என்று உள்ளே போய்விட்டார்.

மாலையில் அண்ணன் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தான். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கித் தந்தான். மிச்சம் பிடிக்கிற குடும்பத்தில் அது பெரிய காரியம். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த பருவத்துக்கு எட்டு வீடு போதாதுளா. ஊர் முழுக்கப் பேசப் போறேன். பக்கத்து ஊரிலயும் பேசுவேன். எல்லாரும் ஒரே மாதிரி கேட்டா ஒரு தடவைன்னு சொல்ல முடியாதுல்லா? பெரைராட்டச் சொல்லி அவரு துரைட்டச் சொல்லுதது வேண்டாம். நானே துரைட்டச் சொல்லணும். 'திருப்பி அனுப்பு'ன்னு இங்கிலீசுல எப்படிச் சொல்லுதது?"

"ரிட்டர்ன்" என்றேன்.

"ரிட்டன் டிக்கெட்ல வாரதா? அட, அது நமக்குத் தெரிஞ்ச இங்கிலீசுதான்!" என்று அவன் சிரித்தான். காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

மணி அடித்தது. வண்டி நகர்ந்தது. அண்ணன் கூடவே நடந்தான், பிறகு ஓடினான். "சரியாச் சொல்லுதேனா பாரு. ரிட்டன்!" என்றான். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, சங்குக் கொட்டகை வரை கேட்கிற குரலில் "ரிட்டன்! ரிட்டன்!" என்று கத்தினான்.

எனக்கு எதிரே கோவில்பட்டிக்குப் போகிற ஓர் அம்மாள் இருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூடப் பொறந்த அண்ணனா? திரும்பி வா, திரும்பி வான்னு எப்படிக் கத்துதாரு பாத்தீங்களா. இந்தப் பாசம் எங்க கெடைக்கும்?" என்றார்.

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இலையையும் தந்தியையும் கழிவையும் கோவில்பட்டி வருவதற்குள் விளக்கிவிடலாம்தான். ஆனால் வெளியே அண்ணன் இன்னும் கையை இறக்காமல் நின்றான்.

"ஆமாம்மா. திரும்பி வரணும்னுதான் அவன் கேக்கான்" என்றேன்.